பாதுகாப்புத் தளவாட உற்பத்தியில் நுழைவது எப்படி? சிறு தொழிற்சாலைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2024-25 நிதியாண்டில் இந்தியாவில் உற்பத்தியான பாதுகாப்புத் தளவாடங்களின் மதிப்பு 1,50,590 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்தது. 2014-15இல் இது 46,429 கோடிதான். இதில் தனியார் பங்கு 23 சதவீதம், மீதி 77 சதவீதம் பொதுத்துறை. இதைப் படித்ததும் "எல்லாம் அரசுக் கம்பெனிகள் கையில்தானே இருக்கிறது, நமக்கு என்ன வேலை?" என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த 77 சதவீதத்துக்குள்ளேயே தனியார் வேலை நிறைய ஒளிந்திருக்கிறது. பொதுத்துறை விமான நிறுவனமான ஹெச்ஏஎல் ஒரு தேஜஸ் போர் விமானத்தை விமானப்படைக்கு விற்றால் முழுத் தொகையும் பொதுத்துறைக் கணக்கில் ஏறும். அதே தேஜஸ் மார்க் 1ஏ விமானத்தின் இறக்கைத் தொகுதிகளை எல் அண்ட் டி கோவையில் செய்கிறது. முதல் ஜோடியை 2025 ஜூலையில் ஒப்படைத்தது. விமானத்தின் காற்று உள்வாங்கும் பகுதியைச் செய்வதும் கோவையின் எல்எம்டபிள்யூதான். இந்தப் பெரிய கம்பெனிகளுக்கு உள்ளே பிராக்கெட், புஷ், ஃபிட்டிங் என்று செய்துகொடுக்கும் சிறு தொழிற்சாலைகளின் பெயர் எந்தப் புள்ளிவிவரத்திலும் தனியாக வருவதில்லை.

இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட தொழிற்சாலைகளுக்கானது. அம்பத்தூர், ஓசூர், கோவை, திருச்சி, சேலம் பக்கம் சில சிஎன்சி மெஷின்களை வைத்துக்கொண்டு கார் கம்பெனிக்கோ பம்ப் கம்பெனிக்கோ ஜாப் ஆர்டர் செய்து வருபவர், பாதுகாப்புத் துறைக்குள் போக வேண்டும் என்றால் என்ன வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்று பார்க்கப்போகிறோம்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அரசும் தொழில்துறையும் கைகோப்பது என்று மேடைகளில் பேசப்படுவதெல்லாம் நடைமுறையில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: இந்தக் கட்டத்தில் செலவையும் நஷ்ட அபாயத்தையும் யார் சுமக்கிறார்கள்? அரசு சுமக்கிற கட்டங்கள் இருக்கின்றன, நீங்கள் சுமக்க வேண்டிய கட்டங்களும் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் இதைக் கேட்டுவிட்டுக் காலை வைத்தால் பாதித் தலைவலி குறையும்.

படி 1: எந்த வாசல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வாங்குபவர்கள் மூன்று அடுக்கு. மேலே முப்படைகளும் பாதுகாப்பு அமைச்சகமும். அடுத்து ஹெச்ஏஎல், பிஇஎல், பிடிஎல், பிஇஎம்எல், மசகான் டாக் போன்ற 16 பாதுகாப்புப் பொதுத்துறை நிறுவனங்கள். இந்தப் பதினாறில் ஏழு, முன்பு ஆர்டனன்ஸ் ஃபேக்டரி போர்டு என்ற ஒரே குடையின் கீழ் இருந்தவை. 2021 அக்டோபர் 1 அன்று அந்தப் போர்டு கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டது. மூன்றாவதாக எல் அண்ட் டி, டாடா, பாரத் ஃபோர்ஜ் மாதிரியான தனியார் பெரு நிறுவனங்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அந்த ஏழு கம்பெனிகளை விரல் நுனியில் வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் அவற்றில் சிலவற்றின் ஆலைகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும் என்ஜின் ஃபேக்டரியும் ஏவிஎன்எல் கம்பெனியின் கீழ் வருகின்றன. அந்தக் கம்பெனியின் தலைமையகமே ஆவடிதான். ஆவடி உடைத் தொழிற்சாலை, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் கம்பெனியுடையது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை ஏடபிள்யூஇஐஎல் கீழும், திருச்சியின் இன்னொரு ஆலையான ஹெச்ஏபிபியும் நீலகிரி அருவங்காட்டில் இருக்கும் கார்டைட் ஃபேக்டரியும் மியூனிஷன்ஸ் இந்தியா கீழும் வருகின்றன. "ஆர்டனன்ஸ் ஃபேக்டரியில் வெண்டராக இருக்கிறேன்" என்று இப்போதும் பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் ஆலைக்கு மேலே இருக்கும் கம்பெனி எது என்று தெரியாவிட்டால் டெண்டரை எந்தத் தளத்தில் தேடுவது என்பதே குழம்பிவிடும்.

என் கருத்து: முதல் முறை நுழைகிறவர் படைகளுக்கு நேரடியாக விற்க முயல வேண்டாம். பொதுத்துறை ஆலைக்கோ, தனியார் பெரு நிறுவனத்துக்கோ, ஏற்கெனவே அவர்களுக்குச் செய்துகொண்டிருக்கும் நடுத்தரக் கம்பெனிக்கோ பாகம் செய்துகொடுப்பதுதான் சரியான தொடக்கம். மூன்றாம் நிலை சப்ளையர் என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் ஆசை இருக்காது, ஆனால் பேமெண்ட் வேகமாக வருவதும் தரத்தின் பாடம் கிடைப்பதும் அங்கேதான்.

படி 2: எதைச் செய்வது என்பதைப் பட்டியல்களில் தேடுங்கள்

அரசு இதற்கு ஓரளவு நல்ல வேலை செய்து வைத்திருக்கிறது. இனி வெளிநாட்டிலிருந்து வாங்க மாட்டோம், உள்நாட்டிலேயே வாங்குவோம் என்று தேதி குறித்து அறிவிக்கும் பட்டியல்கள் 2020 ஆகஸ்டிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. முப்படைகளுக்கான ஐந்து பட்டியல்களில் மொத்தம் 509 தளவாடங்கள். பொதுத்துறை நிறுவனங்களுக்கான ஐந்து பட்டியல்களில் 5,012 பொருள்கள். சிறு தொழிற்சாலை பார்க்க வேண்டியது இரண்டாவதை. முதல் பட்டியலில் பீரங்கி, ஹெலிகாப்டர், ஏவுகணை என்று முழுத் தளவாடங்கள் இருக்கும். இரண்டாவதில்தான் வால்வு, பேரிங், சீல், கேபிள், கனெக்டர், துணைத் தொகுதிகள் என நமக்கு எட்டக்கூடிய சரக்கு இருக்கிறது.

இதற்கென்றே ஸ்ரீஜன் என்ற இணையதளம் 2020 ஆகஸ்ட் 14 அன்று தொடங்கப்பட்டது. பொதுத்துறை நிறுவனங்களும் படைகளும் தாங்கள் இறக்குமதி செய்யும் பொருள்களை அதில் போட்டு, "இதை இங்கே செய்ய யாராவது முன்வருகிறீர்களா?" என்று கேட்கின்றன. பொருளின் பெயர், எந்த நிறுவனம் வாங்குகிறது, யாரைத் தொடர்புகொள்வது என்ற விவரங்கள் இருக்கும்.

இங்கே பலர் செய்யும் தவறு, தங்களால் செய்ய முடிந்த பொருள் எல்லாவற்றுக்கும் விருப்பம் தெரிவித்துவிடுவது. மெஷினில் செய்ய முடியும் என்பது மட்டும் போதாது. ஆண்டுக்கு எத்தனை வாங்குகிறார்கள் என்று பாருங்கள். பாதுகாப்புத் துறையில் ஆண்டுத் தேவை பல பொருள்களுக்கு இருபது, முப்பது என்றுதான் இருக்கும். மாதம் பத்தாயிரம் பீஸ் ஓட்டிப் பழகிய ஆட்டோமொபைல் கடைக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். ஜிக், ஃபிக்சர், கேஜ் செலவை முப்பது பீஸ் மேல் ஏற்றினால் விலை எங்கே போய் நிற்கும் என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஒரே மாதிரியான பத்துப் பொருள்கள் ஒரே நிறுவனத்திடமிருந்து வருகிறதா என்று தேடுவது புத்திசாலித்தனம். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பாகங்கள் என்றால் ஃபிக்சரும் சர்டிபிகேட்டும் எல்லாவற்றுக்கும் உதவும்.

படி 3: காகித வேலை

இது சலிப்பான பகுதி, வேகமாகக் கடந்துவிடலாம்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் கட்டாயம். 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் உயர்ந்துவிட்டன: இயந்திர முதலீடு 25 கோடி, ஆண்டு விற்றுமுதல் 100 கோடி வரை சிறு தொழில்தான். அரசுக் கொள்முதலுக்கான இணையச் சந்தையான ஜெம் தளத்தில் விற்பவராகப் பதிந்துகொள்ளுங்கள். டிஜிட்டல் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

உரிமம் வேண்டுமா என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. டாங்கி, போர் விமானம், போர்க்கப்பல், ஆயுதம், வெடிமருந்து போன்றவற்றுக்கு உரிமம் கண்டிப்பாகத் தேவை. உதிரி பாகங்கள், வார்ப்புகள், ஃபோர்ஜிங், சோதனைக் கருவிகள் ஆகியவற்றில் பெரும்பாலானவை 2014இல் வந்த பட்டியலில் உரிமத் தேவையிலிருந்து வெளியே எடுக்கப்பட்டன. ஆகவே பாகம் செய்பவர்களில் பலருக்கு உரிமம் தேவைப்படாது. இருந்தாலும் பட்டியலை ஒரு முறை வரிக்கு வரி படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் வாங்கும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழி உத்தரவாதம் இந்தத் துறையில் செல்லாது.

தரச் சான்றிதழில் ஐஎஸ்ஓ 9001 இல்லாமல் பேச்சே தொடங்காது. விமானப் பாகம் என்றால் ஏஎஸ் 9100 கேட்பார்கள். தரைப்படை வாகனப் பாகம் மட்டும் செய்யப்போகிறவர் ஏஎஸ் 9100க்குப் பணம் செலவழிக்க அவசரப்பட வேண்டாம். ஆர்டர் வாசலில் நிற்கும்போது எடுத்தால் போதும்.

படி 4: வெண்டர் கோடு வாங்குவது

பொதுத்துறை நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் தனித் தனிப் பதிவு. விண்ணப்பம், நிதி அறிக்கைகள், இயந்திரப் பட்டியல், அளவுக் கருவிகளின் கேலிபரேஷன் சான்றிதழ், அப்புறம் ஆலைப் பார்வை.

ஆலைப் பார்வைக்கு வரும் அதிகாரி மெஷினின் பிராண்டைப் பார்ப்பதைவிட, தவறான பீஸ் எங்கே போய்ச் சேருகிறது என்பதைத்தான் பார்ப்பார். ரிஜெக்ட் ஆனவற்றுக்குப் பூட்டிய பெட்டி இருக்கிறதா, மூலப்பொருள் கட்டையில் ஹீட் நம்பர் (எந்த உருக்கலில் வந்தது என்ற எண்) எழுதியிருக்கிறதா, பழைய ட்ராயிங் ரிவிஷன் மெஷின் பக்கத்தில் தொங்குகிறதா என்றெல்லாம் கண் போகும். புது மெஷின் வாங்க லோன் போடுவதற்கு முன்பு இவற்றைச் சரிசெய்யுங்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை, ஒழுங்குதான் வேண்டும்.

ட்ராயிங் பற்றி இன்னொரு எச்சரிக்கை. கார் பாக ட்ராயிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பழகியிருப்போம். இங்கே அது கூடாது. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதற்கு மேல் 1923ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டமும் இருக்கிறது. வெளியில் வேலைக்குக் கொடுக்கும் கடைக்கும் ட்ராயிங்கின் நகல் எண்ணிட்டுப் போக வேண்டும், வேலை முடிந்ததும் எண்ணிட்டுத் திரும்ப வேண்டும்.

இந்தப் படி வரை முழுச் செலவும் உங்களுடையது. யாரும் ஒரு ரூபாய் தர மாட்டார்கள்.

படி 5: முதல் பீஸ்

தொழிற்சாலைகள் நிற்பதும் விழுவதும் இங்கேதான். அதனால் இதை விரிவாகவே பார்ப்போம்.

முதலில் மூலப்பொருள். ட்ராயிங்கில் இருக்கும் உலோகக் கலவை, உள்ளூர்க் கடையில் கிடைக்கும் ஸ்டீலாக இருக்காது. ரஷ்யத் தரநிலையில் எழுதிய பழைய ட்ராயிங்குகள் இன்னும் நிறையப் புழக்கத்தில் இருக்கின்றன, ஏனென்றால் ஆவடியில் முன்பு உருவான டி-72, இப்போது உருவாகும் டி-90 டாங்கிகள் இரண்டுமே ரஷ்ய வடிவமைப்பு. அதற்கு இணையான இந்தியத் தரம் எது என்பதை நீங்களாக முடிவு செய்யக்கூடாது. வடிவமைப்புக்குப் பொறுப்பான அதிகாரியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். சிறப்பு உலோகக் கலவைகளுக்கு ஹைதராபாத்தில் இருக்கும் பொதுத்துறை உலோக நிறுவனமான மிதானி முக்கிய ஆதாரம், ஆனால் இருபது கிலோவுக்காக ஒரு உலோக ஆலை தனியாக உருக்கி வார்க்காது. குறைந்தபட்ச அளவு என்று ஒன்று இருக்கும், காத்திருப்புக் காலமும் இருக்கும். இதற்கு நடைமுறையில் இருக்கும் வழி, ஒரே கலவை தேவைப்படும் நான்கைந்து வெண்டர்கள் சேர்ந்து வாங்குவது, அல்லது வாங்கும் நிறுவனமே பொருளைக் கொடுத்து நீங்கள் மெஷினிங் மட்டும் செய்வது. முதல் ஆர்டருக்கு இரண்டாவது வழியைக் கேட்டுப் பாருங்கள். லாபம் குறையும், ஆனால் பொருள் தவறாகிவிடும் பயமும் பணம் முடங்கும் பயமும் குறைந்துவிடும்.

அடுத்தது சிறப்புச் செயல்முறைகள்: ஹீட் ட்ரீட்மெண்ட், முலாம் பூசுதல், அனோடைசிங், வெல்டிங், விரிசல் சோதனை. நம் ஊர்களில் மெஷினிங் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பாதுகாப்புத் துறை ஏற்றுக்கொண்ட அங்கீகாரத்தோடு இந்த வேலைகளைச் செய்யும் கடைகள் குறைவு. பாகத்தை இரண்டு நாளில் கடைந்து முடித்துவிட்டு, முலாமுக்கு வேறு ஊருக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருப்பது சகஜம். டெலிவரி தேதி சொல்வதற்கு முன்பே இந்தக் கடைகளின் வரிசையைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: புதிதாக முதலீடு செய்யப்போகிறவர் ஆறாவது விஎம்சி மெஷின் வாங்குவதைவிட அங்கீகாரம் பெற்ற ஒரு முலாம் வரிசையோ ஹீட் ட்ரீட்மெண்ட் வசதியோ போட்டால் போட்டியும் குறைவு, பக்கத்து ஊர் வெண்டர்கள் எல்லோரும் வாடிக்கையாளர்களாகவும் ஆவார்கள். தமிழ்நாட்டில் இந்தத் துறை வளர வேண்டுமென்றால் இந்த இடைவெளிதான் முதலில் நிரம்ப வேண்டும்.

மூன்றாவது, தர ஆய்வு. வேலை தொடங்கும் முன்பே தர உறுதித் திட்டம் ஒன்றை எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். எந்தக் கட்டத்தில் யார் பார்ப்பார், எந்தக் கட்டத்தைத் தாண்டக் கையெழுத்து வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். தரைப்படைத் தளவாடங்களுக்கு டிஜிக்யூஏ, விமானப் பாகங்களுக்கு டிஜிஏக்யூஏ, பறக்கத் தகுதியானதா என்ற சான்றுக்கு செமிலாக் என்று அமைப்புகள் தனித்தனி. முதல் பீஸ் ஆய்வறிக்கையில் ட்ராயிங்கில் இருக்கும் அளவு ஒவ்வொன்றுக்கும் எதிரே நீங்கள் எடுத்த அளவு இருக்க வேண்டும். "எல்லாம் டாலரன்ஸுக்குள் இருக்கிறது" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் திரும்பி வரும்.

ஆய்வுக்கு அழைப்பு அனுப்பிய பிறகு அதிகாரி வருவதற்கு நாளாகலாம். இந்தத் தாமதத்தைத் தேதி போட்டுக் கடிதமாகப் பதிவு செய்து வையுங்கள். பிறகு தாமத அபராதம் பற்றிப் பேச்சு வரும்போது உங்களைக் காப்பாற்றுவது அந்தக் கடிதம்தான்.

சோதனைக் கருவிகள் விலை உயர்ந்தவை என்பதால் அரசு 2020இல் 400 கோடி ரூபாயில் பாதுகாப்புச் சோதனை உள்கட்டமைப்புத் திட்டத்தை அறிவித்தது. பொதுச் சோதனைக்கூடம் அமைக்க ஆகும் செலவில் 75 சதவீதம் வரை மத்திய அரசு தரும், மீதியை மாநில அரசும் தொழில்துறையும் போட வேண்டும். ஆளில்லா விமானங்கள், மின்னணுப் போர்முறை, எலக்ட்ரோ ஆப்டிக்ஸ் ஆகிய மூன்றுக்கும் தமிழ்நாட்டில் கூடங்கள் அமைக்க ஒப்பந்தமாகியிருக்கிறது. யோசனை நல்ல யோசனை. எந்தச் சிறு தொழிற்சாலையும் தனியாக வாங்க முடியாத கருவியைப் பொதுவில் வைப்பது அரசு செய்ய வேண்டிய வேலைதான்.

படி 6: விலை போடுவது

அரசு ஒப்பந்தங்களில் குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர் என்ற எல் 1 முறை இன்னும் ஆட்சி செய்கிறது. இதில் சிறு தொழில்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2012ஆம் ஆண்டின் கொள்முதல் கொள்கைப்படி, குறைந்த விலையைவிட 15 சதவீதம் வரை கூடுதலாக நீங்கள் விலை போட்டிருந்தாலும், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கி வரச் சம்மதித்தால், பிரித்துத் தரக்கூடிய ஆர்டரில் 25 சதவீதமாவது குறு, சிறு தொழில்களுக்குக் கிடைக்க வேண்டும். நடுத்தர நிறுவனங்களுக்கு இது கிடையாது, வெறும் வியாபாரிகளுக்கும் கிடையாது. டெண்டர் முன்பணத்திலிருந்தும் குறு, சிறு தொழில்களுக்கு விலக்கு உண்டு.

அதற்காக ஆர்டரைப் பிடிக்க வேண்டுமென்று அடிமட்ட விலை போடாதீர்கள். ரிஜெக்ஷன், காத்திருப்பு, வட்டி, ஆய்வுக்கு வரும்போது நிற்கும் மெஷின் இவையெல்லாம் ஆட்டோமொபைல் கணக்கில் இருக்காது. முதல் ஆர்டரில் நஷ்டம் வந்தாலும் அடுத்ததில் எடுத்துவிடலாம் என்பது இங்கே நடக்காது. அடுத்த டெண்டரில் உங்கள் பழைய விலையையே எடுத்து மேசையில் வைப்பார்கள்.

படி 7: பணம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 லட்சம் ரூபாய் ஆர்டர். 5 சதவீத வங்கி உத்தரவாதம் என்றால் 2 லட்சத்துக்கு வங்கி உங்களிடம் டெபாசிட் கேட்கும். மூலப்பொருளுக்கு 15 லட்சம் முன்கூட்டியே போக வேண்டும். வேலை நான்கு மாதம், ஆய்வும் அனுப்புவதும் ஒரு மாதம், பில் பாஸாக இரண்டு மாதம் என்று வைத்தால், சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் சேர்க்காமலே 17 லட்சம் ஏழு மாதம் வரை உள்ளே கிடக்கிறது. இந்த வட்டியை விலையில் சேர்க்காதவர்கள்தான் "ராணுவ வேலை கட்டுப்படியாகாது" என்று விலகிப் போகிறார்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. குறு, சிறு தொழில் செய்துகொடுத்த வேலைக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும்; தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அரசின் இணையதளத்தில் புகாரும் கொடுக்கலாம். ஆனால் வெளிப்படையாகப் பேசுவோம்: ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பி இருப்பவர் அவர் மேலேயே புகார் கொடுக்க மாட்டார். அதைவிடக் கைகொடுப்பது ட்ரெட்ஸ் என்ற இணையத் தளம். வாங்கும் நிறுவனம் பில்லை ஒப்புக்கொண்டதும் வங்கிகள் அதை ஏலத்தில் எடுத்து, உங்களுக்குச் சில நாளில் பணம் தந்துவிடும். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் இதில் சேர வேண்டும் என்பது அரசு உத்தரவு. ஆர்டர் பேசும்போதே "உங்கள் பில்கள் ட்ரெட்ஸில் வருமா?" என்று கேட்டுவிடுங்கள். கடனுக்கு அடமானம் இல்லாதவர்கள் சிஜிடிஎம்எஸ்இ என்ற அரசுக் கடன் உத்தரவாதத் திட்டத்தைப் பார்க்கலாம். அதன் வரம்பு இப்போது 10 கோடி.

2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பாதுகாப்புக் கொள்முதல் கையேடு இந்த விஷயத்தில் நிஜமாகவே ஒரு மாற்றம். இதற்கு முந்தையது 2009இல் வந்தது. உள்நாட்டில் புதிதாக உருவாக்கும் பொருளுக்கு உருவாக்கக் கட்டத்தில் தாமத அபராதம் கிடையாது என்று புதியது சொல்கிறது. ஐந்து ஆண்டு வரை ஆர்டர் அளவுக்கு உறுதி தரவும் இடம் கொடுக்கிறது. இறக்குமதிப் பொருளுக்கு மாற்று செய்யப்போகிறவர் ஒப்பந்தத்தில் இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்துக் கேட்டு வாங்க வேண்டும். கையேட்டில் இருக்கிறது என்பதற்காக ஒப்பந்தத்தில் தானாக வந்துவிடாது.

நீங்கள் எல்லாம் சரியாகச் செய்தாலும் பணம் நிற்கக்கூடிய ஓர் இடம் உண்டு. 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க் 1ஏ விமானங்களுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்திலிருந்து வர வேண்டிய எஃப் 404 என்ஜின்கள் தாமதமாகி, முதல் என்ஜின் 2025 மார்ச்சில்தான் வந்து சேர்ந்தது. என்ஜின் இல்லாமல் விமானம் ஒப்படைக்க முடியாது. ஒப்படைப்பு தள்ளிப்போனால் கீழ்நிலை சப்ளையர்களின் அட்டவணையும் தள்ளிப்போகும். 2025 செப்டம்பரில் இன்னும் 97 விமானங்களுக்கு 62,370 கோடியில் ஆர்டர் வந்தது. ஆர்டர் புத்தகம் கனமாக இருக்கிறது என்பதும் அடுத்த மாதம் வங்கிக் கணக்கில் பணம் வரும் என்பதும் வேறு வேறு. அதனால் பாதுகாப்பு வேலை மொத்த வருமானத்தில் பாதியைத் தாண்டாமல் வைத்திருப்பதே நல்லது என்பது என் எண்ணம். திருச்சி துவாக்குடிப் பக்கம் பெல் (பிஹெச்இஎல்) நிறுவனத்தை மட்டும் நம்பியிருந்த ஃபேப்ரிகேஷன் தொழிற்சாலைகள், அனல்மின் ஆர்டர்கள் வறண்டபோது பட்ட பாடு நமக்குத் தெரிந்ததுதானே.

படி 8: சொந்தத் தயாரிப்புக்கு அரசுப் பணம்

பிறர் ட்ராயிங்குக்குப் பாகம் செய்வது ஒரு தொழில்; சொந்தமாக ஒன்றை வடிவமைத்துப் படைகளுக்குக் கொடுப்பது முற்றிலும் வேறு தொழில். இரண்டாவதில்தான் அரசு உண்மையாகவே பணத்தைப் போட்டு அபாயத்தைப் பகிர்ந்துகொள்கிறது.

ஐடெக்ஸ்: 2018 ஏப்ரலில் சென்னை அருகே திருவிடந்தையில் நடந்த டெஃப்எக்ஸ்போ பாதுகாப்புக் கண்காட்சியில் தொடங்கப்பட்டது. படைகள் தங்கள் தேவையை ஒரு சவாலாக அறிவிக்கும். ஸ்டார்ட்அப்களும் சிறு தொழில்களும் போட்டியிடலாம். தேர்வானால் ஒன்றரைக் கோடி வரை மானியம், ஐடெக்ஸ் பிரைமில் 10 கோடி வரை, ஆழமான தொழில்நுட்பங்களுக்கான அதிதி திட்டத்தில் 25 கோடி வரை. இது முழு இலவசம் அல்ல, உங்கள் பங்காகவும் பணம் போட வேண்டும். மைல்கல்லை எட்ட எட்டத்தான் தவணை வரும். கோவையில் சிறு தொழில் சங்கமான கொடிசியா நடத்தும் பாதுகாப்புப் புத்தாக்க மையம் விண்ணப்பம் எழுதுவதிலிருந்தே உதவும்; அங்கே போய்ப் பேசாமல் வீட்டிலிருந்து விண்ணப்பம் போடாதீர்கள்.

தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி: பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ நடத்துவது. 50 கோடி வரையிலான திட்டங்களுக்குச் செலவில் 90 சதவீதம் வரை மானியம். அறிவுசார் சொத்துரிமையில் டிஆர்டிஓவுக்கும் பங்கு உண்டு என்பதை ஏற்றுக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

மேக் 1, மேக் 2: படைகளுக்கான தளவாடத்தை இந்தியக் கம்பெனிகளே உருவாக்குவதற்கான இரண்டு வழிகள். முதலாவதில் முன்மாதிரி செய்ய அரசு 70 சதவீதம் வரை பணம் தரும். இரண்டாவதில் முழுச் செலவும் உங்களுடையது, வெற்றி பெற்றால் ஆர்டர் கிடைக்கும் என்ற நம்பிக்கை மட்டும்தான். சிறு தொழில் மேக் 2க்குள் போவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும். படைகள் நடத்தும் களச் சோதனை, படைகளுக்குச் செலவின்றி, வாங்கும் உறுதியின்றி என்ற அடிப்படையில்தான் பெரும்பாலும் நடக்கும். பாலைவனத்திலும் பனிமலையிலும் உங்கள் பொருளை, உங்கள் ஆட்களை, உங்கள் செலவில் நிறுத்தி வைக்க வேண்டும். சோதனை ஒரு பருவம் தள்ளிப்போனால் ஒரு வருடம் போய்விடும். இந்த இடத்தில் அரசு இன்னும் அதிகமாகச் சுமக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். மானியம் அறிவிப்பது எளிது. சோதனைக்குத் தேதி குறித்து அந்தத் தேதியில் நடத்துவதுதான் சிறு தொழிலுக்குப் பெரிய உதவி.

இன்னொரு பாதையும் இருக்கிறது, அது கொஞ்சம் பாதுகாப்பானது. டிஆர்டிஓ ஆய்வகம் ஒன்று புதிய தளவாடத்தை உருவாக்கும்போதே உற்பத்திப் பங்காளியாகச் சேர்ந்துகொள்வது. அப்படிச் சேருபவர்களுக்குத் தொழில்நுட்ப மாற்றக் கட்டணம் இல்லை. டாங்கிகளுக்கான சிவிஆர்டிஇ ஆவடியிலேயே இருக்கிறது. ஆய்வகத்தோடு முதல் முன்மாதிரியிலிருந்து உடனிருந்தவருக்கு ட்ராயிங்கில் எழுதாத விஷயங்களும் தெரிந்திருக்கும். பின்னால் வரும் போட்டியாளருக்கு அது கிடைக்காது.

படி 9: தொழில் வழித்தடம் என்ன தருகிறது?

2018-19 மத்திய பட்ஜெட்டில் இரண்டு பாதுகாப்புத் தொழில் வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டன, ஒன்று உத்தரப் பிரதேசத்துக்கு, ஒன்று நமக்கு. நம்முடையதை 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் தொடங்கி வைத்தார். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து முனைகள், பொறுப்பு மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவுக்கு. மாநில அரசு 2022இல் வானூர்தி மற்றும் பாதுகாப்புத் தொழில் கொள்கையை வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் வானூர்திப் பூங்கா, கோவை சூலூர் பக்கம் வாரப்பட்டியில் பாதுகாப்புத் தொழிற்பூங்கா என்று நில ஏற்பாடுகள் நடக்கின்றன.

ஏற்கெனவே இடம் வைத்திருக்கும் தொழிற்சாலைக்கு நிலத்தைவிடப் பயன்படுவது டிட்கோவின் திறன் மையங்கள்தான். சென்னை டைடல் பார்க்கில் டஸ்ஸோ சிஸ்டம்ஸ் துணையோடு டான்கேம், சீமென்ஸ் துணையோடு டான்சாம் இரண்டும் இயங்குகின்றன. வடிவமைப்பு மென்பொருளுக்கு லைசென்ஸ் வாங்க முடியாதவர்கள் அங்கே போய்ப் பயன்படுத்தலாம், ஆட்களைப் பயிற்சிக்கும் அனுப்பலாம்.

முனைகளில் எதுவும் மற்றொன்று போல இல்லை. ஓசூருக்கு பெங்களூரின் ஹெச்ஏஎல், பிஇஎல் பக்கம். கோவைக்கு மெஷினிங் கைவேலையும் சூலூர் விமானப்படைத் தளத்தின் பழுதுபார்ப்பு மையமும் பக்கம். சென்னையில் ஆவடியும் மின்னணுக் கம்பெனிகளும். நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் எந்த ஆலை இருக்கிறதோ அங்கேயே முதல் வெண்டர் பதிவைத் தொடங்குங்கள். ஆய்வு, திருத்தம், விளக்கம் என்று அடிக்கடி நேரில் போக வேண்டியிருக்கும் என்பதால், தூரமும் செலவுக் கணக்கில் வருகிறது.

ஏற்றுமதி

2024-25இல் இந்தியா 23,622 கோடிக்குத் தளவாடம் ஏற்றுமதி செய்தது, அதில் 15,233 கோடி தனியாருடையது. உற்பத்தியில் 23 சதவீதமே வைத்திருக்கும் தனியார், ஏற்றுமதியில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்திருக்கிறார்கள் என்றால், வெளிநாட்டு விமான, ஆயுத நிறுவனங்கள் இந்தியச் சப்ளையர்களைத் தேடுகின்றன என்றுதான் பொருள். ஆனால் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கான ஸ்காமெட் பட்டியலில் வரும் பொருளுக்கு அனுமதி இல்லாமல் ஒரு சாம்பிள் பீஸைக்கூட வெளியே அனுப்பக்கூடாது. ட்ராயிங்கை மின்னஞ்சலில் அனுப்புவதும் ஏற்றுமதியாகவே கருதப்படலாம். உள்நாட்டில் இரண்டு மூன்று ஆர்டர்களை ஆய்வுப் பதிவுகளோடு முடித்த பிறகு இந்தப் பக்கம் திரும்புங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் முதலில் கேட்பதும் அந்தப் பதிவுகளைத்தான்.